கல்லுக்காரர் வண்டி பார்த்த கதை

ஷோரூம் வாசலில் அந்தப் பழைய சின்ன கார் வந்து நின்றதும், உள்ளே இருந்த விற்பனையாளர்கள் இரண்டு பேருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் ஏதோ ஃபைலைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். இன்னொருவர் போனைக் காதில் வைத்து, மறுமுனையில் யாருமே இல்லாமல், "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்றபடி மாடிப்படி ஏறினார். மாட்டிக்கொண்டது வழக்கம்போல அந்த விற்பனைப் பெண்தான். அவளுக்கு இது ஆறாவது தடவை.

வந்தவர் ஷோரூமுக்குள் நுழையக்கூட இல்லை. நேராகத் தன் காரின் டிக்கியைத் திறந்தார். மூச்சைப் பிடித்து இருபது கிலோ இரும்பு எடைக்கல் ஒன்றைத் தூக்கித் தரையில் வைத்தார். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. மொத்தம் பதினைந்து.

"இன்னிக்கும் கல்லா சார்?"

"கல்லு இல்லாம எப்படிம்மா வண்டி பாக்கறது?"

அவர் தொழில் அப்படி. குவாரி, சிமென்ட் கிடங்கு, பழைய இரும்புக் கடை, காய்கறி மண்டி என்று எங்கெல்லாம் சரக்கு எடை போடப்படுகிறதோ அங்கெல்லாம் போய், எடைமேடை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை வைத்துக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கல்லுக்காரர்' என்றால் போதும், குவாரி வாட்ச்மேன் முதல் கிடங்கு முதலாளி வரை நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இவர் உட்கார மாட்டார் என்பது வேறு விஷயம். உட்கார்ந்தால் முள் குத்தும் என்பதுபோல நின்றுகொண்டே, அதுவும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே பேசுகிற ஜாதி அவர்.

எடைமேடையைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. நடுவில் கல்லை வைத்தால் எல்லா மேடையும் யோக்கியமாகத்தான் காட்டும். அதே கல்லை ஒரு மூலைக்கு நகர்த்த வேண்டும். பிறகு அடுத்த மூலை, பிறகு அதற்கடுத்தது. நான்கு மூலையிலும் ஒரே எடை காட்டினால்தான் அது மேடை. ஒரு மூலையில் சறுக்கினாலும் முத்திரை கிடையாது. இந்தப் புத்தி ஊறிப்போன மனிதரிடம் வண்டி விற்பது லேசுப்பட்ட காரியமா என்ன?

அன்றைக்குச் சாம்பல் நிற எஸ்.யூ.வி. ஒன்று. டேப்பை எடுத்து, சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நாலு பக்கமும் அளந்து நோட்டில் எழுதினார். பதினைந்து கல்லையும் பின்னால் ஏற்றி, மறுபடி அளந்தார். அத்தனை கல்லையும் இடது ஓரம் ஒதுக்கி ஒரு அளவு, வலது ஓரம் தள்ளி ஒரு அளவு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று அவர் சொல்லும் எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு எறங்குது," என்றார், ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல.

"அப்ப நல்லதுதானே சார்?"

"பாக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கல்லை இறக்க ஆரம்பித்தார்.

அவருக்கு வண்டி தேவை என்பதில் சந்தேகமே இல்லை. அந்தச் சின்ன கார் அவரிடம் பட்ட பாடு நாய் படாது. முந்நூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு குவாரிப் பாதையில் போய்ப் போய் அதன் அடிவயிறு முழுக்கத் தழும்பு. மழைக்காலத்தில் இரண்டு முறை சேற்றில் உட்கார்ந்து, லாரி கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. ஹைவேயில் வேறு தொல்லை. பெரிய லாரி ஒன்று முந்திப் போனால் அந்தக் காற்றுக்கே கார் ஓரத்துக்கு நகரும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்து, இறங்கும்போது விரல்கள் மடங்காது.

ஆக, தினமும் கரடுமுரடான பாதையில் ஓட வேண்டும், வாரக் கடைசியில் நெடுந்தூரமும் ஓட வேண்டும். இரண்டுக்கும் தாங்குகிற வண்டி. நோட்டின் இடது பக்கத்தில் 'தினசரி' என்றும் வலது பக்கத்தில் 'ஹைவே' என்றும் தலைப்பு எழுதி, ஒவ்வொரு வண்டியாகக் குறித்துக்கொண்டே வந்தார். ஏழு மாதத்தில் நோட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வண்டிதான் வந்தபாடில்லை.

வாரக் கடைசி நெடுந்தூரம் எதற்கு என்றால், அவர் மனைவி நானூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். சண்டை, பிரிவு என்று ஒன்றும் கிடையாது. அவள் செவிலி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதவி உயர்வு கொடுத்து, அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கின் தலைமைச் செவிலியாகப் போட்டார்கள். அவளுக்குக் கீழே முப்பத்துநாலு பேர். அவள் தலையசைக்காமல் எந்த டாக்டரும் கத்தியைக் கையில் எடுக்க முடியாது என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையலறை. பிள்ளைகள் இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி இருவருக்கும் அலுத்துவிட்டது, நாமும் கேட்க வேண்டாம்.

மூன்று மாதம் முன்பு அவள் போனில் சொன்னாள்.

"லெட்டர் வந்திருக்குங்க. முப்பதாம் தேதிக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். திரும்பி ஊருக்கு வர்றதுன்னா பழைய வார்டு, பழைய கிரேடு. இங்கயே இருக்கேன்னா இன்னும் அஞ்சு வருஷம்."

"எந்த மாசம் முப்பது?"

"இன்னும் மூணு மாசம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

"முதல்ல வண்டி வந்துடட்டும். நல்ல வண்டியா ஒண்ணு வந்துட்டா இந்த நானூத்தி முப்பதெல்லாம் ஒரு தூரமே இல்ல."

"வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிட்டே இருக்கேன்," என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அவர் ஒரு வார்த்தை 'வந்துடு' என்றால் அவள் அத்தனையையும் விட்டுவிட்டுப் பழைய வார்டுக்கு வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். வந்தபிறகு ஒரு நாளும் குத்திக் காட்ட மாட்டாள். அதை நினைத்தால்தான் அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. 'இரு' என்றால் இன்னும் ஐந்து வருஷம் இப்படியே சனிக்கிழமை வருவதும் ஞாயிற்றுக்கிழமை போவதுமாகக் காலம் ஓடிவிடும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஐம்பத்தொரு வயதில், கல்லுக்காரர் என்றால் யார் என்றே தெரியாத, மனைவி இருக்கிற ஊரில் போய் நின்று, 'நான் எடைமேடை பார்ப்பேன்' என்று கிடங்கு கிடங்காக அறிமுகம் செய்துகொள்வதா? பயமாக இருந்தது. அந்த ஊரில் அவர் 'சிஸ்டரோட வீட்டுக்காரர்', அவ்வளவுதான். பயத்தை ஒப்புக்கொள்ள முடியாத மனிதர் வண்டி பார்க்கப் போனார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நம்மில் பல பேர் அப்படித்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம்.

வண்டி பார்க்கத் துணைக்கு வந்தது மச்சான், மனைவியின் தம்பி. கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்த்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறான். சக்கரத்தைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறவரின் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான். முதல் இரண்டு மாதம் ஆசையாக வந்தான். அப்புறம் கூப்பிட்டால் கடையில் ஆள் இல்லை, தலைவலி, ஸ்பானர் தொலைந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிப் பார்ப்பான். இவரா விடுகிற ஆள்?

பார்த்த வண்டிக்கெல்லாம் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். முதலில் 'எருமை'. பலம் என்றால் அப்படியொரு பலம், குவாரிப் பாதையைத் தின்று தீர்த்துவிடும். மண்டித் தெருவில் திருப்பச் சொன்னால் மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டும். அடுத்து 'மாப்பிள்ளை'. பளபளவென்று இருந்தது. ஏசியைக் குறைப்பதற்குக்கூட ஒரு கண்ணாடித் திரையை மூன்று தடவை தொட வேண்டும். சிமென்ட் தூசி படிந்த விரலை அது மதிக்கவே இல்லை. பிறகு 'பெட்டி'. ஊருக்குள் தங்கமான வண்டி, தொண்ணூறில் போனால் கதவோரம் காற்று விசில் அடித்தது. "நாலரை மணி நேரம் இந்த விசிலைக் கேட்டுட்டுப் போனா உங்கக்கா முகமே மறந்துடும்," என்றார்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது," என்றான் மச்சான். "எங்கக்காவ ஒரே நாள்ல பாத்து சரின்னு சொன்ன ஆளு நீங்க. ஒரு வண்டிக்கு ஏழு மாசமா?"

"அன்னிக்குக் கல்லு எடுத்துட்டுப் போகல."

மச்சான் சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு சிரிப்பு அடங்கி, "இந்தச் சாம்பல் வண்டில என்னதான் குறை?" என்று கேட்டான். "நாலு பக்கமும் ஒரே மாதிரி எறங்குது. பள்ளத்துல போட்டோம், அசையல. ஹைவேல போனோம், லாரி காத்துக்கு அலையல. அலைன்மென்ட் நானே பாத்தேன், நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. சொல்லுங்க."

"வைப்பர் சத்தம் போடுது."

"மாமா, மழையே இல்லாம வைப்பர் போட்டா அது சத்தம் போடத்தான் செய்யும்."

அவர் மச்சானின் கடை வாசலில் போய் நின்றுகொண்டார். மச்சான் ஸ்பானரைத் தேடப் போனான்.

சாம்பல் வண்டிக்கான முன்பதிவுப் படிவம் மூன்று வாரமாக அவர் நோட்டுக்குள் மடித்துக் கிடந்தது. கையெழுத்துப் போட்டிருந்தார். தொழில், வயது, போன் நம்பர் எல்லாம் மணி மணியான எழுத்தில் எழுதியிருந்தார். 'வண்டி நிறுத்தப்படும் முகவரி' என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. விற்பனைப் பெண் இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். "எழுதலாம், எழுதலாம்," என்றார். சொந்த வீட்டு முகவரியை எழுத ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் யோசித்திருப்பாள். கேட்கவில்லை.

கடைசியில் ஷோரூம் மேனேஜரே உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். "சார், டெஸ்ட் டிரைவ் வண்டிய ரெண்டு நாள் வச்சுக்கோங்க. எங்க வேணா ஓட்டுங்க, என்ன வேணா ஏத்துங்க. திங்கக்கிழமை காலையில ஒரு பதில் சொல்லிடுங்க. வாங்கினாலும் சந்தோஷம், வாங்காட்டியும் சந்தோஷம்." இரண்டாவது சந்தோஷம்தான் பெரிதாக இருக்கும் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை முப்பதாம் தேதி. அது என்ன கெடு என்று மேனேஜருக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினார். கல்லை இறக்கவில்லை. முழுப் பாரத்தோடு ஹைவேயில் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? டிக்கி நிறையக் கல். அதனால் டேப், கருவிப் பெட்டி, முத்திரைப் பெட்டி, நோட்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி எல்லாம் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டன.

வண்டி பிரமாதமாகப் போயிற்று. அதுதான் அவரைப் படுத்தியது. நூறு கிலோமீட்டர் தாண்டியும் தோள் வலிக்கவில்லை. பக்கத்தில் பெரிய கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு போனது, வண்டி இம்மி நகரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினார். கண்ணாடியை இறக்கிக் கேட்டார், ஏற்றிக் கேட்டார். ரேடியோவை அணைத்தார், போட்டார். டீக்கடையில் நிறுத்தி, டீ ஆறுவதற்குள் டம்ளரை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒவ்வொன்றாக உதைத்தார். டீ பாதியிலேயே நின்றது. குறை கிடைத்திருந்தால் அன்று அவர் டீயை முழுதாகக் குடித்திருப்பார்.

பதினொன்றரைக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நிறுத்தினார். மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லா இருக்கே," என்றாள். பிறகு முன்பக்கக் கதவைத் திறந்தாள், அப்படியே நின்றாள்.

"நான் எங்க உக்காரறது?"

அவர் ஓடிவந்து பெட்டிகளை எடுக்க ஆரம்பித்தார். "பின்னாடி வச்சிடறேன், ஒரு நிமிஷம்," என்று டிக்கியைத் திறந்தார். பதினைந்து கல்லும் வரிசையாக அவரைப் பார்த்தன.

"கல்லோடவா வந்தீங்க?"

"லோடு வச்சுப் பாக்கணும்ல."

"அந்த சீட்ல யாராவது உக்காந்து பாத்தீங்களா இதுவரைக்கும்?"

"உன் தம்பி உக்காந்தான்."

"நீங்க உக்காந்தீங்களா?"

"நான் எதுக்குப் பக்கத்து சீட்ல உக்காரணும்?"

"சாவியக் குடுங்க," என்றாள்.

இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நம்புவீர்களா? மடியில் கருவிப் பெட்டி, காலடியில் முத்திரைப் பெட்டி. அவள் நிதானமாக ஓட்டினாள். இவர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்துத் தரைவிரிப்பைச் சுருட்டினார். "கியர், கியர்" என்றார். "பாத்து, பாத்து" என்றார். அவள் காதில் வாங்கவே இல்லை.

"எங்க போற?"

"ஸ்டோருக்கு. கல்லு இருக்குல்ல, ஒரு வேலை இருக்கு."

ஆஸ்பத்திரி ஸ்டோரில் முந்நூறு கிலோ வரை காட்டும் ஓர் எடைமேடை இருந்தது. அறுவை அரங்கின் அழுக்குத் துணிகள் சலவைக்குப் போகும்போதும் வரும்போதும் அதில்தான் எடை. போகிற எடையும் வருகிற எடையும் ஒரு நாளும் ஒத்துப்போகாது. ஸ்டோர் கீப்பருக்கும் சலவைக்காரருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. இருவரும் நேர்மையானவர்கள், அதனால் சண்டை தீராமலே இருந்தது.

"இத எப்பவாவது என்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"சொல்ல எங்க விட்டீங்க? சனிக்கிழமை மத்தியானம் வருவீங்க, சாவியக்கூட பாக்கெட்ட விட்டு எடுக்க மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு 'டிராஃபிக் ஆயிடும்'னு கெளம்பிடுவீங்க."

அவர் மேடையைப் பார்த்துவிட்டார், கை பரபரத்தது. ஐந்து கல்லை இறக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். நூறு கிலோ. முதல் மூலைக்கு நகர்த்தினார், நூறு. இரண்டாவது, நூறு. மூன்றாவது, நூறு. நான்காவது மூலைக்கு நகர்த்தினார். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.

"ஆஹா," என்றார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். அந்த மூலையின் கால் ஓர் உடைந்த தரைக்கல்லின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் மெனக்கெட்டார். மேடையை நகர்த்தி, ரசமட்டம் வைத்து, கால் திருகுகளைச் சரிசெய்து, மறுபடி நான்கு மூலை. நூறு, நூறு, நூறு, நூறு.

ஸ்டோர் கீப்பர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாலு வருஷம் அந்தச் சலவைக்காரர திருடன்னு நெனச்சிருந்தேன் சார்," என்றார். "இந்த ஊர்ல இதப் பாக்க ஆளே கிடையாது. வெளியூர்லேருந்து ஒருத்தர் வரணும். சொல்லி எட்டு மாசம் ஆச்சு. அந்தப் பக்கம் மூணு குவாரி இருக்கு, பெரிய கிடங்கு ரெண்டு இருக்கு, எல்லாருக்கும் இதே ரோதனைதான்."

சலவைத் துணி எடுக்க வந்த பெண்ணொருத்தி எட்டிப் பார்த்து, "சார் யாரு?" என்று கேட்டாள்.

"சிஸ்டரோட வீட்டுக்காரர்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

அவர் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்தே விட்டது. ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு ஸ்டோர் கீப்பர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், டீ சொல்றேன்," என்றார். கல்லுக்காரர் உட்கார்ந்தார். டீ வந்தது. பேசிக்கொண்டே குடித்து முடித்து, காலி டம்ளரைக் கீழே வைத்தார். கதவோரம் நின்றிருந்த மனைவி அந்த டம்ளரைப் பார்த்தாள்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிச் சாப்பிட்டார்கள். அவள் நோட்டைக் கேட்டாள், கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எருமை, மாப்பிள்ளை, பெட்டி வந்த இடங்களில் சிரித்தாள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலில் இருந்தவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார், ஜன்னலிலிருந்து சமையலறைக்குப் போனார், அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார்.

"கொஞ்சம் உக்காருங்களேன்," என்றாள். "இந்த நோட்டு பூரா நான் வலது பக்கத்துலயே இருக்கேன்."

"என்ன?"

"இடது பக்கம் தினசரி. குவாரி, மண்டி, கிடங்கு, உங்க வீடு. நான் ஹைவே. எத்தன கிலோமீட்டர், எத்தன மணி நேரம், எவ்ளோ டீசல். நான் அதுதான்."

"அது அப்படி இல்ல..."

"இருங்க, பேசிடறேன். திங்கக்கிழமை நான் என்ன எழுதிக் குடுக்கறது? வந்துடுன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. இருன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க. வண்டி, வண்டின்னு மூணு மாசமா என்னை நிக்க வச்சிருக்கீங்க. எனக்குக் கோபமா வருது." குரல் உயரவில்லை. அறுவை அரங்கில் பேசுகிற அதே குரல்தான். "பதினஞ்சு கல்லையும் மூலைக்கு மூலை நகத்தி வச்சுப் பாத்தீங்க. உங்கள நகத்தி வச்சுப் பாக்கணும்னு ஒரு தடவையாவது தோணுச்சா?"

அவருக்கு என்னென்னவோ சாக்கு நாக்கு நுனி வரை வந்தது. முத்திரை உரிமத்துக்கு இங்கே புதிதாக மனுப் போட வேண்டும், வீட்டை என்ன செய்வது, பழைய ஆட்களை அப்படியே கைகழுவ முடியுமா, வைப்பர் சத்தம்கூட வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"என்ன பயம்?"

"அங்க என்னை எல்லாருக்கும் தெரியும். இங்க நான் யாரு? இந்த வயசுல மறுபடி மொதல்லேருந்து... ஒருத்தரும் கூப்பிடலேன்னா? நான் வெட்டியா இந்த ரூம்ல உக்காந்து நீ எப்ப டூட்டி முடிஞ்சு வருவேன்னு பாத்துட்டு இருக்கணும்."

"உங்களால இந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. அந்தப் பயம் வேண்டாம்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "நான் வந்தப்ப என்னையும் இங்க யாருக்கும் தெரியாதுங்க. மொத ஆறு மாசம் தெனம் அழுதேன். போன்ல சொல்லல. சொன்னா ராத்திரியோட ராத்திரியா அந்தத் தகர டப்பாவ எடுத்துட்டு வந்துடுவீங்கன்னுதான்."

இது அவருக்குத் தெரியாத செய்தி. ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் எத்தனை சனிக்கிழமை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அத்தனை சனிக்கிழமையும் இதே அறையில் இருந்திருக்கிறார், பாக்கெட்டில் சாவியோடு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பார்க்காததுபோல நோட்டை மூடி மேசையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து மடித்த படிவம் நழுவிக் கீழே விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

'வண்டி நிறுத்தப்படும் முகவரி' என்ற வரியில் முதலில் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினார். அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கமா போட்டு, 'செவிலியர் குடியிருப்பு' என்று எழுதினார். அதோடு பேனா நின்றுவிட்டது.

"என்னங்க? யோசிக்கிறீங்களா?"

"இல்ல." அவர் தலையைத் தூக்கவில்லை. "இந்த வீட்டு நம்பர் என்ன?"

இரண்டு வருஷம், வாரம் தவறாமல் வந்துபோன வீடு.

"இருபத்தேழு," என்றாள். "கதவுலயே எழுதியிருக்கு."

அவர் எழுந்து போனார். கதவைத் திறந்து, வெளியே நின்று, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார்.